பொருள்: கீழ்வீட்டுச் சத்தம்

நான் பல் செய்கிறவன். டாக்டர் இல்லை. டாக்டர் வாயை அளந்து அச்சு அனுப்புவார். நான் மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். இருபத்திரண்டு வருடமாக வீட்டு ஜன்னலோர மேசையில்தான் இந்த வேலை. மெழுகு இளகியிருக்கும் நேரத்தில் ஒரு பல் ஊசிமுனை அளவு நகர்ந்தாலும் போச்சு. அதைப் போட்டுக்கொள்கிறவர் மீதி ஆயுள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டேதான் சாப்பிட வேண்டும்.

ஆகவே கீழ்த்தளத்தில் மூடிக்கிடந்த லாண்டரிக்குள் ஒரு சிந்த்-ராக் குழு வந்து சேர்ந்தபோது நான் கைதட்டி வரவேற்கவில்லை. மூன்று பேர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், பியானோ மாதிரிக் கட்டைகளும் தலைமாட்டில் நாற்பது திருகுகளும் வைத்த ஒரு பெட்டியை வாசித்துக்கொண்டே பாடுவாள். அதுதான் சிந்தசைசர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். டயர்க்கடைக்காரர் ஒருவர் கிட்டார். பஸ் கண்டக்டர் ஒருவர் டிரம்ஸ். குழுவின் பெயர் ‘ஈரத்துணி’. தினமும் மாலை ஆறரைக்கு ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்ததும் என் தட்டில் வரிசையாக வைத்திருக்கும் பல்செட்டுகள் தரை அதிர அதிரக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். பதினாறு வாய்கள் முகமில்லாமல் ஒரே நேரத்தில் சிரிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமலிருப்பதே உடம்புக்கு நல்லது.

அவர்கள் கடைசியாக வாசிக்கும் பாட்டு ஒன்று உண்டு. மெதுவாக ஆரம்பித்து, படிப்படியாக ஏறி, நாலாவது நிமிடத்தில் உச்சிக்குப் போகும். சரியாக அந்த இடத்தில் தட்டின் ஓரத்துப் பல்செட் தரையில் விழும். நான் ஒட்டடைக் கோலைத் திருப்பிப் பிடித்து, தரையில் மூன்று தட்டு தட்டுவேன். சத்தம் நின்றுவிடும். இப்படியே ஏழு மாதம்.

தட்டியதோடு விட்டேனா? மாதம் ஒரு கடிதம் நகராட்சிக்கு எழுதினேன். ‘பொருள்: கீழ்வீட்டுச் சத்தம்’ என்று தலைப்பிட்டு, தேதி, மணி, நிமிடம் எல்லாம் குறித்து எழுதினேன். பல் செய்கிறவனுக்குக் குத்துமதிப்பாக எதையும் எழுத வராது. முதல் கடிதத்தில் ‘6.30-க்கு டுவும் டுவும் என்று தொடங்கியது’ என்று இருந்தது. நாலாவதில் ‘6.52-க்கு அந்தப் பெண்ணின் குரல் கீழே இறங்கும்போது பெட்டியின் சத்தம் மேலே ஏறுகிறது’ என்று இருந்தது. ஏழாவதில் என்னையறியாமல் இப்படி எழுதியிருந்தேன்: ‘முடியப்போகிற மாதிரியே போகிறது, ஆனால் முடிவதில்லை. இது நியாயமா?’

என் மனைவி தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“என்னங்க, இது புகாரா, இல்ல ரசிகர் கடிதமா?”

“புகார்தான்.”

“அப்போ சாயந்தரம் ஆறேகாலுக்கே மேசையைத் துடைச்சிட்டு உக்காந்து எதுக்குக் காத்திருக்கீங்க?”

உண்மை என்னவென்றால், அந்தப் பாட்டின் முடிவைக் கேட்க வேண்டுமென்று எனக்கு ஒரு அரிப்பு வந்துவிட்டது. நான் தட்டுவதால்தான் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று நினைத்து, ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு கோலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பல்செட் விழுந்தது. நான் தட்டவில்லை. பாட்டோ அதே இடத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம். “மாடி சார் ஊர்ல இல்லபோல” என்று அந்தப் பெண் சொன்னது கேட்டது. நான் ஊரில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் இவர்களுக்கு என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போய், ‘அந்தப் பாட்டு எப்படி முடியும்?’ என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு, நான் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒருவர். தோல்பை, அடையாள அட்டை, இரண்டு பேனா. வளர்ந்துவரும் இசைக்குழுக்கள் கண்டறிதல் மன்றத்தின் கண்டறிதல் அலுவலர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

“சார், நீங்கதானா அவரு?”

“எவரு?”

“ஈரத்துணியைக் கண்டுபிடிச்சவரு.”

பையிலிருந்து என் ஏழு கடிதங்களையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ‘கண்டறிதல் ஆவணம்’ என்று ஊதா முத்திரை குத்தியிருந்தது.

“இது நான் நகராட்சிக்கு எழுதின புகாருங்க.”

“ஆமா சார். அங்க சத்தப் பிரிவுக்கு வர்ற புகாரை எல்லாம் மாசாமாசம் எங்களுக்கு அனுப்பிடுவாங்க. நாங்க வேற எப்படிக் கண்டுபிடிக்கறது? எங்க ஆபீஸ் நேரம் பத்துலேர்ந்து அஞ்சு. இந்தப் பசங்க எல்லாம் ஆறு மணிக்கு மேலதான் வாசிக்கறாங்க. புகார் வந்தா அந்த எடத்துல ஒரு குழு இருக்குன்னு அர்த்தம். நிறையப் பேரு ‘தாங்க முடியல’ன்னு ஒரு வரியோட முடிச்சிடுவாங்க. நீங்கதான் சார், ஏறுது, இறங்குது, நிமிஷக் கணக்கு... எங்க நிபுணர் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. இந்த மாதிரி ஒரு காது பதினோரு வருஷத்துல வந்ததில்லைன்னாரு.”

“நிபுணர் கீழ வந்து அவங்க வாசிக்கறதைக் கேட்டாரா?”

அவர் பதறிப்போனார். “எப்படி சார் கேப்பாரு? கேட்டுட்டா அப்புறம் அது கண்டுபிடிக்கப்படாத குழுவா இருக்காதே!”

பிறகு படிவம் நிரப்பினோம். ‘தற்போதைய வளர்ச்சி விழுக்காடு’ என்று ஒரு கட்டம். முப்பதுக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குழு, அறுபதுக்கு மேலே போனால் வளர்ந்துவிட்ட குழு, இரண்டுக்கும் மன்றத்தில் இடமில்லையாம். அவரே ஜன்னல் வழியாக லாண்டரியின் மூடிய கதவைப் பார்த்து நாற்பத்தேழு என்று எழுதிக்கொண்டார்.

“இப்போ முக்கியமான விஷயம். பொதுக் கண்டறிதல் விழா மூணு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் நீங்களும் குழுவும் பேசக் கூடாது. பேசினா கூட்டுச் சதின்னு ஆகிடும். அவங்களும் வாசிக்கக் கூடாது. விதி பதினாலு. பயிற்சி வளர்ச்சியைத் தூண்டும். நாப்பத்தேழுல நிக்கற குழு திடீர்னு அறுபத்தொண்ணு ஆயிட்டா யாரு சார் பொறுப்பு?”

“ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கறேனே. ஒரு பாட்டு எப்படி முடியும்னு...”

“விழாவுல கேட்டுக்குங்க சார். நீங்கதான் முதல் வரிசை.”

இப்படியாக, ஏழு மாதம் முயன்று முடியாததை மன்றம் ஒரே காலையில் சாதித்தது. கீழ்வீடு அமைதியாகிவிட்டது. மாலை ஆறரை மணிக்கு என் பல்செட்டுகள் வாயை மூடிக்கொண்டு தட்டில் கிடந்தன. நகராட்சி எனக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பியது. எனக்கோ வேலையே ஓடவில்லை. அந்த வாரம் செய்த ஒரு மேல்வரிசை, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. முன்பல் இரண்டும் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்டு நிற்பதாக டாக்டர் எழுதியிருந்தார்.

நடுவில் ஒருநாள் வாத்தியச் சரிபார்ப்புக்கு எங்களை மன்றத்திற்கு அழைத்தார்கள். குழு ஒரு பெஞ்சில், நான் எதிர்ப் பெஞ்சில், நடுவில் பச்சைத் திரை. திரைக்குக் கீழே மூன்று ஜோடிச் செருப்பு மட்டும் தெரிந்தது. மருந்துக்கடைப் பெண்ணின் கால் தரையில் தாளம் போட்டது. காவலாளி வந்து, “காலை ஆட்டாதீங்கம்மா, அது பயிற்சி” என்றார்.

சரிபார்ப்பு அலுவலர் திரையின் ஓரத்து மேசையில் வைத்திருந்த பெட்டியைச் சுற்றி வந்தார். “இது நரம்பா, காத்தா, தோலா?”

“எதுவும் இல்ல சார். சிந்தசைசர். கரண்ட்ல ஓடுறது” என்றாள் அவள்.

“படிவத்துல மூணு கட்டந்தாம்மா இருக்கு.”

“கரண்ட்டுன்னு ஒண்ணு சேத்துக்கலாமே சார்.”

“சேத்துக்கலாம். ஆனா கரண்ட்ல ஓடுறதெல்லாம் வீட்டு உபயோகப் பொருள் பிரிவுக்குப் போகும்.”

போயிற்று. வீட்டு உபயோகப் பொருள் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “குளிராதா?” என்று கேட்டார். குளிராது என்றதும் ‘பழுதடைந்த குளிர்பெட்டி’ என்று எழுதி, வாசிக்கத் தடையில்லை என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த மேசையில் சுயாதீனச் சான்றிதழ் கொடுத்தார்கள். எந்த அமைப்பையும் சாராத குழு என்று நிரூபிக்க, முதலில் மன்றத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும். சேர்ந்தார்கள். கண்டக்டர் மட்டும், “எல்லாரும் ஏறியாச்சா, போலாமா?” என்று பொதுவாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் சிரித்ததற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள்.

விழா நாளும் வந்தது. மன்றத்தின் சொந்த அரங்கம்; மரத்தரை, மெத்தை நாற்காலி, குளிர்சாதனம். வாசலில் ஒவ்வொருவரும் ‘இக்குழுவை நான் இதுவரை கேட்டதில்லை, இனியும் தேடிக் கேட்கமாட்டேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். தரை வழியாகக் கேட்டது கேட்டதில் சேராது என்று எனக்கு மட்டும் விலக்கு. மற்றபடி உள்ளே இருந்த அறுபது பேரும் மன்றத்தின் ஊழியர்கள். லாண்டரி வாசலில் நின்று பாட்டுக் கேட்ட நாலு பேர், பாவம், ஆசையாக வந்திருந்தார்கள். ஏற்கெனவே கேட்டவர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். என் மனைவியும் பேனாவை வைத்துவிட்டாள்.

“முப்பது வருஷமா முத்திரை குத்தறேன். பொய்யான தேதி ஒண்ணு குத்தினதில்ல. நான் வெளியவே நிக்கறேன், நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

முதலில் எனக்கு மரியாதை. ஒரு முழ உயரத்தில், பித்தளைப் பீடத்தின் மேல், மரத்தில் செதுக்கிய காது ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். நல்ல கனம். பிறகு மன்றத் தலைவர் பேச எழுந்தார். நாற்பது நிமிடம் பேசினார்.

“நண்பர்களே! பதினோரு ஆண்டுகளில் இந்த மன்றம் இருநூற்றுப் பன்னிரண்டு வளர்ந்துவரும் குழுக்களைக் கண்டறிந்திருக்கிறது. அவற்றில் இன்று ஒன்றுகூட இல்லை.”

கைதட்டல்.

“ஏன் இல்லை? ஒரு குழு வளர்ந்துவிட்டால் அது வளர்ந்துவரும் குழுவே அல்ல. அப்புறம் நாம் கண்டறிந்தது தவறு என்று ஆகிவிடும். அந்தத் தவறு ஒருமுறைகூட நேராமல் பார்த்துக்கொண்டோம். சில பேர் கேட்கிறார்கள், வளர்ச்சி எங்கே, வளர்ச்சி எங்கே என்று. இதோ இந்த அரங்கம் வளரவில்லையா? ஒரு காராக இருந்தது மூன்று காராக வளரவில்லையா? எழுத்தராகச் சேர்ந்த என் மைத்துனர் இன்று துணைத்தலைவராக வளரவில்லையா? குழுதான் வளர வேண்டுமென்று எந்த விதியில் இருக்கிறது?”

மைத்துனர் எழுந்து கும்பிட்டார்.

“எனக்கு இசை தெரியாது என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அதுதான் என் தகுதி. தெரிந்தவன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். நான் இதுவரை ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. எனவே என்னிடம் எல்லாப் பாட்டும் சமம்!”

அரங்கம் அதிர்ந்தது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் துணைத்தலைவர் நன்றி சொன்னார், செயலாளர் துணைத்தலைவருக்கு நன்றி சொன்னார். குழுவுக்கென்று ஒதுக்கிய அரைமணி நேரத்தில் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

மூவரும் மேடைக்கு வந்தார்கள். மூன்று மாதமாகத் தொடாத வாத்தியங்களை, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைத் தொடுகிற மாதிரி தொட்டார்கள். அப்போது முன்வரிசையில் ஒரு தட்டு சுற்றி வந்தது. பஞ்சு. நடுவர்கள் ஒன்பது பேரும் எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார்கள். தலைவர் பெரிய உருண்டையாகப் பார்த்து எடுத்தார். பின்வரிசைக்கும் தட்டு போயிற்று.

“எதுக்குங்க இது?” என்று கண்டறிதல் அலுவலரைக் கேட்டேன்.

“கேட்டா விருப்பு வெறுப்பு வந்துடும் சார். கண்ணால பாத்து மார்க் போடுவாங்க” என்று சொல்லிவிட்டு அவரும் அடைத்துக்கொண்டார். பஞ்சு எனக்கு வந்தபோது தட்டைத் தள்ளிவிட்டேன்.

ஆக, அந்தப் பெரிய அரங்கத்தில், மேடையில் மூன்று பேர் வாசித்தார்கள், கீழே நான் ஒருவன் கேட்டேன். அந்தப் பாட்டுதான். தரை வழியாக மட்டுமே எனக்குத் தெரிந்த பாட்டு. நேரில் கேட்டபோதுதான் அவள் என்ன பாடுகிறாள் என்று புரிந்தது. மாத்திரைச் சீட்டை எண்ணி எண்ணி வீட்டுக்குப் போகும் ஒருத்தியின் பாட்டு அது. படிக்கட்டில் ஏறுகிறாள், கதவைத் தட்ட வேண்டும், யார் திறப்பார்கள் என்று தெரியவில்லை. பெட்டியின் சத்தம் என் நெஞ்செலும்புக்குள் ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. இதையா நான் டுவும் டுவும் என்று எழுதினேன்? பக்கத்தில் தலைவர் பஞ்சோடு தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டு நாலாவது நிமிடத்துக்கு வந்தது, உச்சிக்குப் போனது, நின்றது.

நின்றேவிட்டது. மூவரும் கையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தார்கள். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இதோ, இப்போது வரும் என்று பார்த்தால் வரவில்லை. மேடைக் கடிகாரத்தில் இன்னும் இருபது விநாடி. அப்போதுதான் மருந்துக்கடைப் பெண் என்னைப் பார்த்தாள். கண்டக்டரும் பார்த்தார். டயர்க்கடைக்காரர் புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினார்.

‘ஊர்ல இல்லபோல’ என்று அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு உறைத்தது. எவ்வளவு பெரிய மண்டு நான்! பாட்டுக்கு முடிவு இருந்தது. ஏழு மாதமாக அதை நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

கையில் ஒட்டடைக்கோல் இல்லை. மரக்காதுதான் இருந்தது. தூக்கி, தரையில் மூன்று தட்டு தட்டினேன். மூன்றாவது தட்டில் காதின் மடல் உடைந்து தலைவரின் மடியில் விழுந்தது. மூவரும் கையை இறக்கினார்கள். பாட்டு முடிந்தது. வெளியே வாசலில் ஐந்து பேர் கைதட்டும் சத்தம் கேட்டது. அதில் ஒரு கைதட்டல் முத்திரை குத்துகிற மாதிரி அழுத்தமாக இருந்தது.

உள்ளே ஒன்பது நடுவர்களும் எழுந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை, காலடியில் தரை மட்டும் மூன்று தடவை அதிர்ந்திருக்கிறது. நிலநடுக்கம் என்று துணைத்தலைவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். அவரை வெளியே எடுத்து, காதுப் பஞ்சையும் எடுத்த கையோடு விசாரணை ஆரம்பித்தது.

“தட்டினது நீங்களா?” என்றார் தலைவர், மடலைக் கையில் வைத்துக்கொண்டு.

“நான்தாங்க.”

“ஏன்?”

“பாட்டு அப்படித்தான் முடியும்.”

“அப்ப நீங்க கேட்டிருக்கீங்க!” என்று அலறினார். அந்த அரங்கில் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு அதுவரை எழுந்ததில்லை.

“அது மட்டுமா?” என்றார் நிபுணர். “இவர் தட்டாட்டிப் பாட்டு முடியாதாம். அப்படின்னா இவர் குழுவுல நாலாவது ஆளு. தன்னைத் தானே கண்டுபிடிச்சிருக்காரு. இது மோசடி.”

பத்து நாளில் உத்தரவு வந்தது. மனைவிதான் தபாலாபீசிலிருந்து கையோடு கொண்டுவந்தாள். ‘ஈரத்துணி குழுவின் கண்டறிதல் ரத்து செய்யப்படுகிறது. குழு உடனடியாகக் கண்டுபிடிக்கப்படாத நிலைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இதுவரை கேட்டவர்கள் அனைவரும் கேட்காதவர்களாகக் கருதப்படுவார்கள். உடைந்த காதைப் பத்து நாளுக்குள் திருப்பி ஒப்படைக்கவும்.’ கூடவே என் ஏழு கடிதங்களும் இருந்தன. ஊதா முத்திரையின் மேல் ‘வெறும் புகார்’ என்று சிவப்பில் குத்தியிருந்தார்கள்.

“முத்திரை கோணலா விழுந்திருக்கு” என்றாள் என் மனைவி. அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அன்று மாலை ஆறரைக்குப் பல்செட்டுகள் வாயைத் திறந்தன. நான் மேசையைத் துடைத்துவிட்டு, கேட்காதவனாகக் கருதப்பட்டபடியே, முதல் பாட்டிலிருந்து கேட்டேன். கடைசிப் பாட்டில் ஓரத்துப் பல்செட் விழுந்தது. கோலை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் யாரையும் அதட்டியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் கதவிடுக்கில் ஒரு தாள் கிடந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், நான் நகராட்சிக்கு எழுதும் அதே பாணியில் எழுதியிருந்தார்கள்.

‘ஐயா, பொருள்: மேல்வீட்டுத் தட்டல். நேற்று மாலை 7.04-க்கு மூன்றாவது தட்டு அரை விநாடி முந்திவிட்டது. முன்னெல்லாம் கோபத்தில் தட்டும்போது சரியாக வந்தது. பிடித்துப்போய்த் தட்டுவதால் அவசரம் வருகிறது என்று நினைக்கிறோம். ஆவன செய்யவும். இப்படிக்கு, கீழ்வீட்டார்.’

மனைவி தாளைப் படித்துவிட்டு, கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“முதல் ரெண்டையும் சேத்துப் போடுங்க. மூணாவதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுங்க. முத்திரைக் கட்டையை மையில வெச்சு எடுக்கற நேரம். ம், ஆரம்பிங்க.”

விதி பதினாலை மீறி நான் பயிற்சியை ஆரம்பித்தேன்.